டாக்டரின் ஆயுளுக்கு ஒரு தேங்காய்

வெள்ளிக்கிழமை காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற கூட்டத்தில் ஸ்ரீலட்சுமியையும் பார்க்கலாம். மற்றவர்கள் பரீட்சைக்கு உடைப்பார்கள், விசாவுக்கு உடைப்பார்கள், பிள்ளை பிறக்க உடைப்பார்கள். அவள் டாக்டர் வேலாயுதனின் ஆயுளுக்கு உடைத்தாள். மனிதர் நூறு வயது இருக்க வேண்டும், கண் தெரிய வேண்டும், காது கேட்க வேண்டும், ஞாபகம் ஒரு துளியும் குறையக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஓங்கி அடிப்பாள். சில்லுகள் பறக்கும், பக்கத்தில் நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். யாருக்காக என்று தேங்காய்க் கடைக்காரர் ஒருநாள் கேட்டார். "ஒரு டாக்டருக்கு. அவரு நல்லா இருக்கணும்" என்றாள். அவர் நெகிழ்ந்துபோய் அன்றிலிருந்து நல்ல முற்றின காயாகப் பொறுக்கி எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

பக்தியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தன் கையில் சிக்குவதற்கு முன்னால் அந்த ஆள் நிம்மதியாகக் கண்ணை மூடிவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய கவலை.

ஸ்ரீலட்சுமிக்கு நாற்பத்துமூன்று வயது. சாலைக் கடைத்தெருப் பக்கம் குடியிருக்கிறாள், இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஸ்கூட்டரில் கரமனை, ஆற்றுகால், விதுரா வரைக்கும் போவாள். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் வேர்விட்ட குடும்பங்களில் அவள் காப்பி குடிக்காத வீடு குறைவு. அதனாலேயே அவளுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்து வந்தது. நாகர்கோவில், சுசீந்திரம், வள்ளியூர்ப் பக்கமிருந்து இங்கே வரன் பார்க்கிறவர்கள் அவளுக்குப் போன் செய்து விசாரிப்பார்கள். பையன் எப்படி, குடும்பம் எப்படி?

இந்த விசாரிப்புக்கு அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. பையன் குடிகாரனாக இருக்கலாம், அடிதடிக்காரனாக இருக்கலாம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "நல்ல குடும்பம்தான், வேற எடமும் பாத்துக்கிடுங்க" என்பார்கள். கேட்டவர் புரிந்துகொண்டு போனை வைத்துவிடுவார். சொன்னவருக்கும் பாவம் இல்லை, கேட்டவருக்கும் மனத்தாங்கல் இல்லை. மாறாக ஒருவர், "ஒரு குறையும் கெடையாது, நான் சொல்லுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டால் அதற்குமேல் யாரும் தோண்டித் துருவ மாட்டார்கள். அப்படி வாக்குக் கொடுத்தவருக்குக் கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலியும், வேட்டி நேரியலோடு வெற்றிலைத் தட்டும் உண்டு.

2005-ஆம் வருடம் ஸ்ரீலட்சுமியின் கல்யாணத்தில் அந்த முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் டாக்டர் வேலாயுதன். ஊரில் பெயர்பெற்ற மனநல மருத்துவர். சமுதாயத்துக்கே பெருமை. மாப்பிள்ளை கிருஷ்ணகுமாரைப் பற்றி அவளுடைய அப்பா போனில் விசாரித்தபோது டாக்டர் சொன்ன வாக்கியம் அவளுக்கு மனப்பாடம். அப்பா அதை வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தார். "பையனுக்கு ஒரு குறையும் கெடையாது. பச்சத் தண்ணி மாதிரி. என் வாக்கு போதாதா?"

போதும் என்று அப்பா நினைத்தார். பாவி மனுஷன் அதை நம்பித்தான் மகளைக் கொடுத்தார்.

கிருஷ்ணகுமார் கெட்டவன் இல்லை. பாங்க் வேலை, மென்மையான பேச்சு, சமைக்கவும் தெரியும். அவள் காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தான். ஆனால் நான்கு வருடமும் அவளோடு ரயிலில் எதிர் இருக்கைக்காரன் மாதிரித்தான் குடியிருந்தான். பிள்ளை இல்லை என்றதும் மாமியார் மங்கலத்தின் வாய் திறந்தது. முதலில் அரசமரம், பிறகு மண்சோறு, பிறகு தெரு முழுக்க "மலடி". விசேஷ வீட்டில் மஞ்சள் குங்குமத் தட்டு இவளைத் தாண்டிப் போனது. அழுதுகொண்டே இருந்தவளைக் கடைசியில் டாக்டர் வேலாயுதனிடமே கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பெண்பிள்ளை கொஞ்சம் முயற்சி எடுக்கணும், மகளே. நல்லா உடுத்து. பூ வை. ரெண்டுபேருமா பொன்முடிக்கு ஒரு டிரிப் போயிட்டு வாங்க" என்றார். தன்மீதுதான் தப்பு போலிருக்கிறது என்று நம்பி, அவள் போகும் வழியெல்லாம் பிச்சிப்பூ வாங்கினாள். இன்றைக்கும் பிச்சிப்பூ வாசனை வந்தால் அவளுக்குக் குமட்டும்.

பொன்முடிக்கு அவர்கள் போய்ச் சேரவில்லை. கல்லாற்றில் சாயா குடிக்க இறங்கினார்கள். ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து கிருஷ்ணகுமார் எல்லாவற்றையும் சொன்னான். விவரம் தெரிந்த நாளிலிருந்து தனக்கு ஆண்கள்மீதுதான் நாட்டம். அப்பா பிச்சையா அதைக் கண்டுபிடித்து வேலாயுதனிடம் கொண்டுபோனார். அங்கே ஒரு சின்ன பெட்டி, அதிலிருந்து வயர், வயரின் முனையில் மணிக்கட்டில் கட்டும் பட்டை. சுவரில் ஆண்களின் படங்களைக் காட்டுவார்கள். படம் வரும்போது கையில் மின்சாரம் பாயும். வாராவாரம் அது நடந்தது, அம்மா கூட்டிக்கொண்டு போய் வெளியே காத்திருப்பாள். மாறிவிட்டதா என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வலி தாங்காமல் மாறிவிட்டது என்று பொய் சொன்னான். "இனிமே கல்யாணம் பண்ணி வச்சுருங்க, மிச்சமும் சரியாயிரும்" என்றார் டாக்டர். அந்த மிச்சத்துக்கு மருந்தாக வந்தவள்தான் தான் என்பது ஸ்ரீலட்சுமிக்குக் கல்லாற்றில் வைத்துத்தான் தெரிந்தது.

அவனைப் பிடித்து ஆற்றில் தள்ளிவிடலாமா என்று அவளுக்கு நிஜமாகவே தோன்றியது. கையைப் பற்றி இழுத்தாள். எப்போதும் கட்டியிருக்கிற அகலமான வாட்ச் பட்டை நழுவி, அதற்கடியில் பழைய தழும்புகள் தெரிந்தன. அவள் கையை விட்டுவிட்டாள். அந்த நிமிடத்தில் அவளுடைய கோபத்துக்கு வேறு விலாசம் கிடைத்தது.

விவாகரத்து ஆனது. காரணத்தை இருவரும் வெளியில் சொல்லவில்லை. அவன் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிப் போனான், பழி முழுக்க இவள் தலையில் விழுந்தது. அப்பா, "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம் மக்கா" என்று சொல்லியே செத்துப்போனார். கிருஷ்ணகுமாரை மன்னித்தாளா என்றால், பாதி. தெரிந்தே தாலி கட்டினான் என்பது மிச்சப் பாதி, அது அப்படியே கிடக்கிறது. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவான், அவனோடு இருப்பவரின் பெயரும் சேர்த்து. அவளும் பதில் அனுப்புவாள். டாக்டர் விஷயத்தில் பாதியும் இல்லை, காலும் இல்லை.

காலம் மாறியது. சட்டம் மாறியது. தெருவிலும் டி.வி.யிலும் ஆட்கள் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வேலாயுதன் காற்றைப் பார்த்துச் சட்டையை மாற்றிக்கொண்டார். ஒருநாள் காலை பேப்பரைப் பிரித்தால் அவர் படம், "தன்பால் ஈர்ப்பு நோயல்ல" என்ற தலைப்பில் அவர் கட்டுரை! ஸ்ரீலட்சுமி அதைப் படித்துவிட்டு அன்று பூராவும் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை, வயிறு முழுக்க ஆத்திரமாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்துதான் தேங்காய் ஆரம்பமானது.

போன வருடம் சுசீந்திரத்திலிருந்து சிதம்பரதாணு என்பவர் போன் செய்தார். மகள் ரெம்யாவுக்கு ஆற்றுகாலில் ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் ஹரிகுமார், டெக்னோபார்க்கில் வேலை. "நீங்க அந்த வீட்டுக்குள்ள போயி வாறவங்க. உள்ளதச் சொல்லணும்" என்றார்.

ஹரிகுமார் வீட்டுக்கு அவள்தான் பாலிசி போட்டிருந்தாள். அதற்கு முந்தின மாதம்தான் அவன் அம்மா பேச்சுவாக்கில், "இவனுக்கு ராத்திரி உறக்கமே கெடையாது. வேலாயுதன் டாக்டர்ட்ட சிட்டிங் போயாச்சு. இப்போ சரியாயிட்டு, கல்யாணம் பாக்கச் சொல்லிட்டாரு" என்று சொல்லியிருந்தாள். சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டபடி அறைக்குள் போன ஹரிகுமாரின் முகம் அப்போதே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

பேப்பரில் நோயல்ல என்று எழுதிக்கொண்டே, கிளினிக்கில் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை கிழவர். ஸ்ரீலட்சுமிக்குக் கிருஷ்ணகுமாரின் வாட்ச் பட்டை ஞாபகம் வந்தது. போனில் நாலு வார்த்தை சொன்னால் போதும், வேற எடமும் பாத்துக்கிடுங்க என்று. ரெம்யா தப்பிவிடுவாள். ஆனால் டாக்டரும் தப்பிவிடுவார். ஹரிகுமாரை மறுபடி பட்டை கட்டி உட்கார வைப்பார்கள், அடுத்த வரனைப் பார்ப்பார்கள்.

"ரெண்டு நாள் பொறுங்கண்ணாச்சி, நான் கூப்பிடுதேன்" என்று போனை வைத்தாள்.

முதலில் ஹரிகுமாரைக் கழக்கூட்டத்தில் அவன் ஆபீசுக்கு வெளியே சாயாக்கடையில் பிடித்தாள். சுற்றி வளைக்காமல் தன் கதையை முழுக்கச் சொன்னாள். அவன் கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் சம்மதம் இல்லாம நான் வாயத் தொறக்க மாட்டேன். ஒனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா?"

"வேண்டா சேச்சி. சத்யமாயிட்டு வேண்டா. அப்பாகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல." டம்ளரைத் தள்ளி வைத்தான். "இது நின்னா போதும். பட்சே என் பேரு வெளிய வரக்கூடாது, ப்ளீஸ்."

"வராது" என்றாள்.

அடுத்து அவள் போனது பதினைந்து வருடமாக மிதிக்காத வாசலுக்கு. பிச்சையா போய்ச் சேர்ந்துவிட்டார். மங்கலம் தனியாக இருந்தாள். உடம்பு வற்றியிருந்தது, நாக்கு வற்றவில்லை.

"எதுக்கு வந்தே?"

"இது நோயில்லன்னு எழுதினதுக்கு டாக்டருக்கு ஞாயித்துக்கிழமை நம்ம சமுதாய மண்டபத்துல பொன்னாடை போத்தப் போறாங்களாம், அத்தை. நீங்கதான் மாதர் சங்கம் சார்புல போத்தணுமாம். அங்க ஒரு கேள்வி கேக்கப் போறேன். கிருஷ்ணகுமாருக்கு அங்க என்ன பண்ணினாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க சாட்சி சொல்லணும்."

"குடும்ப மானத்தச் சந்தி சிரிக்க வைக்கணுமா? போயிரு ஏட்டி."

"என் மானம் சிரிச்சப்போ எங்க போயிருந்தீங்க? மலடின்னு தெரு முழுக்கச் சொன்னீங்களே. தெரிஞ்சுக்கிட்டே சொன்னீங்க. அதத் திருப்பி எடுக்கணும், ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

மங்கலம் கதவைப் படாரென்று சாத்தினாள். உங்களுக்கும் ஒருநாள் வரும் என்று கறுவிக்கொண்டே ஸ்ரீலட்சுமி ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

பிறகு சிதம்பரதாணுவைக் கூப்பிட்டாள். "நான் சொல்லுறதவிட வேலாயுதன் டாக்டர்ட்ட கேளுங்கண்ணாச்சி. அந்தக் குடும்பத்துக்கு அவருதான் டாக்டர். ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணிட்டு, சாயங்காலம் கிள்ளிப்பாலம் மண்டபத்துக்கு வாங்க. அவரு பேச்ச நேர்லயே கேட்டுட்டு முடிவு பண்ணுங்க." அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. கிழவரின் பழக்கத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சிதம்பரதாணு மடக்குக் குடையோடு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் திருப்தி. அவளைப் பார்த்ததும், "கேட்டாச்சு. ஒரு குறையும் கெடையாதாம். பச்சத் தண்ணி மாதிரின்னாரு. என் வாக்கு போதாதான்னு கேட்டாரு. பெரிய மனுஷன்" என்றார்.

இத்தனை வருடத்தில் ஆள் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை! ஸ்ரீலட்சுமி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு சிதம்பரதாணுவுக்குப் புரியவில்லை.

டாக்டர் பேசினார். பேசத் தெரிந்தவர். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்றார். இரட்டையர்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள், பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் இதுதான் காரணம் என்று ஒற்றை மரபணுவைக் கைகாட்ட முடியாது என்றார். அம்மா செல்லம் கொடுத்ததால் வருவதில்லை, சேர்க்கையால் வருவதில்லை, ஷாக் கொடுத்தோ கல்யாணம் செய்து வைத்தோ மாற்றவும் முடியாது. மாற்றுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பது தொழில் ஒழுங்கீனம் என்று 2022-ல் மருத்துவ ஆணையமே சொல்லிவிட்டது. "நம்ம சமுதாயம் இன்னும் மாறலை. அறியாமைதான் காரணம்" என்று முடித்தார். கைதட்டினார்கள். அத்தனையும் உண்மை. அந்த வாயிலிருந்து வந்ததுதான் அநியாயம்.

கேள்வி உண்டா என்று கேட்டதும் ஸ்ரீலட்சுமி எழுந்து போய் மைக்கை வாங்கினாள். 

"டாக்டர், நான் ஒரு விசாரிப்புக்கு வந்திருக்கேன். பையனப் பத்தி இல்ல, உங்களப் பத்தி. 1990-லயே இது நோயில்லன்னு ஆயாச்சுன்னு இப்போ நீங்களே சொன்னீங்க. எனக்குக் கல்யாணம் 2005-ல. அதுக்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரரு கையில பட்டை கட்டி நீங்க கரண்ட் வச்சீங்க. கல்யாணம் பண்ணினா சரியாயிரும்னீங்க. எங்கப்பா போன்ல விசாரிச்சப்போ என்ன சொன்னீங்க தெரியுமா? 'பையனுக்கு ஒரு குறையும் கெடையாது. பச்சத் தண்ணி மாதிரி. என் வாக்கு போதாதா?' பதினஞ்சு வருஷமா தெரிஞ்சுவச்சுக்கிட்டு ஏன் அப்படிச் சொன்னீங்க? அவரு சம்மதத்தோடதான் இதச் சொல்லுதேன்."

அது உண்மை. முந்தின நாள் கிருஷ்ணகுமாருக்குப் போன் செய்து கேட்டிருந்தாள். "என் பேரையும் சொல்லு. எனக்கு இனி ஒளிக்க ஒண்ணும் இல்ல" என்றிருந்தான்.

நடுவரிசையில் சிதம்பரதாணு வாயைப் பிளந்தபடி மேடையைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்து வெளியே போனார். ரெம்யா தப்பித்தாள்.

டாக்டர் வேர்த்திருந்தார், ஆனாலும் விடவில்லை. வருத்தமான முகத்தை வரவழைத்துக்கொண்டார். "இந்த அம்மா முன்னால என்கிட்ட ட்ரீட்மென்டுக்கு வந்தவங்க. மனநிலை பற்றி நான் சபையில் சொல்லக் கூடாது. விவாகரத்து ஆன துக்கம். அப்படி ஒரு பையனுக்கு நான் வைத்தியம் பார்க்கவே இல்லை. யாரும் என்கிட்ட கூட்டிட்டு வரவும் இல்லை."

மண்டபத்தில் "ச்சு, பாவம்" என்ற முணுமுணுப்பு பரவியது. பைத்தியக்காரப் பட்டம் கட்டியாயிற்று. செயலாளர் மைக்கை வாங்க வந்தார். ஸ்ரீலட்சுமி மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.  தேங்காய் அத்தனையும் வீண் என்று நினைத்தாள்.

"கூட்டிட்டு வரலையா?"

மேடையின் ஓரத்திலிருந்து குரல் வந்தது. மங்கலம் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான்லா கூட்டிட்டு வந்தேன்? வாசல் பெஞ்சுல உக்காந்திருந்தேன். உள்ள எம்புள்ள அலறினான். நீரு வெளிய வந்து, 'சத்தம் வந்தா நல்லது, மருந்து வேலை செய்யுது'ன்னீரு. கை விறைச்சுப்போயி ஸ்பூனப் பிடிக்க முடியாம, தயிர்ச்சோத்த நான் ஊட்டிவிட்டேன். இருவத்துநாலு வயசு ஆம்பளப் பிள்ளைக்கு. அவன் இல்லையா? எம்புள்ள வரவே இல்லையா?"

 கிழவி பொன்னாடையை மடித்துத் தன் நாற்காலியில் வைத்தாள். படி இறங்கி ஸ்ரீலட்சுமியின் பக்கத்தில் வந்து, அவள் கையிலிருந்த மைக்கைத் தன் வாய்ப்பக்கம் இழுத்தாள்.

"இவ மலடி இல்ல. தெரிஞ்சேதான் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

ஸ்ரீலட்சுமி அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. சொன்ன வாக்கை மட்டும் காப்பாற்றினாள், அதற்குப் பிறகு அவள் முகத்தில் முழிக்கவில்லை. ஆனால் மருத்துவக் கவுன்சிலுக்குக் கொடுத்த புகாரில் முதல் சாட்சி மங்கலம், இரண்டாவது கிருஷ்ணகுமார். பெயர் சொல்லாமல் இருந்த வேறு சிலரும் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். போன மாதம் ஹரிகுமாரும் வந்தான், அப்பாவோடு. இந்தத் தடவை அவன் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான்.

விசாரணை இன்னும் நடக்கிறது. கிளினிக் பூட்டிக் கிடக்கிறது. டாக்டருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஸ்ரீலட்சுமி பதறிப்போய், அந்த வெள்ளிக்கிழமை இரண்டு தேங்காயாக உடைத்தாள். தீர்ப்பைக் காதால் கேட்காமல் அவர் எங்கேயும் போகக் கூடாது.

பிள்ளையார் கோயில் வாசலில் செருப்பை மாட்டும்போது போன் அடித்தது. வள்ளியூர்ப் பக்கம் யாரோ ஒரு அப்பா. தயங்கித் தயங்கிப் பேசினார். மகன் ஒரு மாதிரி இருக்கிறானாம். வேலாயுதன் டாக்டர் ராசியானவர் என்று சொன்னார்களாம். கிளினிக் எப்போது திறக்கும், ஆள் எப்படி என்று விசாரித்தார்.

நல்ல டாக்டர்தான், வேற எடமும் பாத்துக்கிடுங்க என்று முறைப்படி சொல்லியிருக்கலாம். அவர்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள்.

"அவன் அயோக்கியன்" என்றாள் ஸ்ரீலட்சுமி. தேங்காய்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "உங்க மகனுக்கு ஒரு நோயும் கெடையாது, அண்ணாச்சி. போன அவன்ட்ட குடுங்க, நான் பேசுதேன்."